ஒரு கொடி, ஐந்து கலகங்கள்

1949 ஆகஸ்டில், மேற்கு ஜாவாவின் தாசிக்மலாயா மலையடிவாரத்தில் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயிக்கு மூன்று அரசாங்கங்கள் இருந்தன. டச்சுக்காரர்கள் தங்கள் வசதிக்காக உருவாக்கி வைத்திருந்த பசுந்தான் அரசு ஒன்று. நான்காண்டுகளுக்கு முன் சுதந்திரம் அறிவித்துவிட்டு, அதைத் தக்கவைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசு இன்னொன்று. மூன்றாவது, ஆகஸ்ட் 7-ம் தேதி சிசம்பாங் என்ற கிராமத்தில் பிறந்தது. அதன் பெயர் நெகாரா இஸ்லாம் இந்தோனேசியா. இந்தோனேசிய இஸ்லாமிய அரசு. அதற்கு முந்தைய நாள்தான் குடியரசின் துணைத் தலைவர் முகமது ஹத்தா, டச்சுக்காரர்களிடமிருந்து இறையாண்மையைப் பேசி வாங்குவதற்காக ஹேக் நகருக்குப் புறப்பட்டிருந்தார். அவர் கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குள், அவர் நாட்டுக்குள்ளேயே இன்னொரு நாடு.

அந்த மூன்றாவது அரசின் இமாமாகக் கையெழுத்திட்டவர் எஸ்.எம். கார்த்தோசுவிர்யோ. தாருல் இஸ்லாம் என்று ஊர் அழைத்த அவருடைய இயக்கம் மேற்கு ஜாவாவில் 13 ஆண்டுகள் ஆயுதம் ஏந்தியது. மத்திய ஜாவா, தென் சுலாவெசி, தென் கலிமந்தான், ஆச்சே என்று பரவி, 1965 வரை அதன் கடைசிப் பொறிகள் அணையவில்லை. பல்லாயிரம் பேர் செத்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரே கலகம். வரைபடத்தில் இடம் இடமாகப் போய்ப் பார்த்தால் ஐந்து கலகங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கோபம் இருந்தது. கொடி மட்டும்தான் பொது.

கார்த்தோசுவிர்யோவைப் பற்றி மனதில் ஒரு தாடிவைத்த மதகுருவின் படம் எழுந்தால், அதைக் கலைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 1905-ல் மத்திய ஜாவாவின் செப்புவில் பிறந்தவர். அப்பா, காலனி அரசின் அபின் விற்பனைத் துறையில் ஊழியர். பிள்ளை டச்சுப் பள்ளியில் படித்து, சுரபாயாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அரசியல் நடவடிக்கைகளுக்காக 1927-ல் கல்லூரி அவரை வெளியேற்றியது. சித்தப்பா முறையான மார்க்கோ கார்த்தோதிக்ரோமோ, டச்சு அரசை எழுத்தால் தாக்கிய இடதுசாரிப் பத்திரிகையாளர். நியூகினிக் காட்டில் இருந்த போவன் டீகுல் கைதிமுகாமில் இறந்தவர். கார்த்தோசுவிர்யோ சோசலிச வாசனையோடு வளர்ந்ததில் வியப்பில்லை. அரபி அவருக்குக் கடைசிவரை சரளமாக வரவில்லை. இஸ்லாத்தைப் பெரும்பாலும் டச்சு நூல்கள் வழியாகவும், மேற்கு ஜாவாவின் கிராமத்து உலமாக்கள் வழியாகவும் படித்தார். அதில் சூஃபி மரபின் சாயல் தூக்கலாக இருந்தது. அவருடைய ஆட்களுக்கு அவர் தலைவர் மட்டுமல்ல, தாயத்தும் மந்திர வாளும் உள்ள மகானும்கூட.

மருத்துவப் படிப்பு கைவிட்டுப் போனபின் அவருக்குக் கிடைத்த ஆசான் சோக்ரோஅமினோத்தோ. சரேகாத் இஸ்லாம் என்ற இந்தோனேசியாவின் முதல் பெரும் மக்கள் இயக்கத்தின் தலைவர். கார்த்தோசுவிர்யோ அவருக்குச் செயலாளர் ஆனார். சில ஆண்டுகளுக்கு முன் அதே சோக்ரோஅமினோத்தோவின் சுரபாயா வீட்டில் தங்கிப் படித்த மாணவர்களில் ஒருவர், பின்னாளில் குடியரசின் தலைவரான சுகர்ணோ. அதே ஆசானிடம் வளர்ந்த இன்னொருவர் முஸ்ஸோ. 1948-ல் மதியூனில் நடந்த கம்யூனிஸ்ட் கலகத்தின் தலைவர். தேசியவாதி, கம்யூனிஸ்ட், இஸ்லாமிய அரசுவாதி என மூன்று வழிகளும் ஒரே ஆசானின் நிழலில் கிளைத்தவை. இரண்டாமவரும் மூன்றாமவரும் முதலாமவரின் அரசை எதிர்த்து மடிந்தார்கள்.

1930-களில் கார்த்தோசுவிர்யோ சரேகாத் இஸ்லாம் கட்சியின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். டச்சு அரசோடு எந்த ஒத்துழைப்பும் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தால் 1939-ல் கட்சி அவரை நீக்கியது. மனைவியின் ஊரான மாலங்போங்கில், காருத் அருகே, 1940-ல் சுஃப்பா என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். ஜப்பானியர் வந்தபின் அங்கே மாணவர்கள் ராணுவப் பயிற்சியும் பெற்றார்கள். பிற்காலக் கலகத்தின் முதல் தளபதிகள் பலர் அந்தப் பள்ளியில் உருவானவர்கள்.

ஏழு சொற்களும் ஒரு கப்பலும்

1945 ஜூன் 22-ல், சுதந்திர நாட்டின் அரசியல் சாசன முகவுரைக்கான வரைவு ஒன்று தயாரானது. அதில் முஸ்லிம்கள் ஷரியத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்று பொருள்படும் ஏழு சொற்கள் இருந்தன. சுதந்திரம் அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 18-ல், அந்த ஏழு சொற்கள் நீக்கப்பட்டன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் குடியரசில் சேரமாட்டார்கள் என்ற அச்சத்தில், ஹத்தா முஸ்லிம் தலைவர்களைப் பேசி இணங்கவைத்தார். சுகர்ணோவின் பஞ்சசீலா அடித்தளம் ஆனது. (நேருவும் சூ என்லாயும் 1954-ல் அறிவித்த பஞ்சசீலம் வேறு. இது அதற்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது. இதன் கொள்கைகளில் ஒன்று ஓரிறை நம்பிக்கை.) அந்த நீக்கம் பலருக்குத் துரோகமாகத் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. கார்த்தோசுவிர்யோவும் மஸ்யுமி என்ற முஸ்லிம் கட்சியில் சேர்ந்து குடியரசுக்குள்தான் இருந்தார். 1947-ல் துணைப் பாதுகாப்பு அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. மறுத்துவிட்டார்.

என் கணிப்பில், கலகம் தொடங்கிய இடம் அந்த ஏழு சொற்கள் அல்ல. 1948 ஜனவரி 17-ல் ஜகார்த்தா துறைமுகத்தில் நின்றிருந்த ‘ரென்வில்’ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல்தான். அதன் மேல்தளத்தில் குடியரசும் டச்சு அரசும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மேற்கு ஜாவாவிலிருந்து குடியரசின் படைகள் வெளியேற வேண்டும். சிலிவாங்கி படைப்பிரிவின் வீரர்கள் பல்லாயிரம் பேர், குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு, மத்திய ஜாவாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஹிஸ்புல்லா, சபிலில்லா என்ற முஸ்லிம் தொண்டர் படைகளில் பெரும்பகுதியினர் போக மறுத்தார்கள். எதிரியிடம் ஊரை விட்டுவிட்டுப் போகும் அரசுக்கு எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? பிப்ரவரியில் தாசிக்மலாயா மாவட்டத்தின் பங்வெடுசானில் கூடி, இந்தோனேசிய இஸ்லாமிய ராணுவத்தை அமைத்தார்கள். அப்போது அவர்களுடைய எதிரி டச்சுக்காரன், குடியரசு இல்லை.

1948 டிசம்பர் 19-ல் டச்சுப் படை, குடியரசின் தலைநகராக இருந்த யோக்யகர்த்தாவைப் பிடித்தது. சுகர்ணோவும் ஹத்தாவும் கைதானார்கள். குடியரசு செத்துவிட்டது என்று கார்த்தோசுவிர்யோ முடிவு கட்டினார். ஆனால் சிலிவாங்கி வீரர்கள் பட்டினியும் குண்டுவீச்சும் தாங்கி, மலைகளையும் ஆறுகளையும் கடந்து நடந்தே மேற்கு ஜாவாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் குடியேறிக் கூரை மாற்றியவரும், ஊர்போய்த் திரும்பிய பழைய சொந்தக்காரரும் வாசலில் சந்தித்ததுபோல ஆயிற்று. 1949 ஜனவரி 25-ல் அந்த்ராலினா என்ற இடத்தில் இரு படைகளும் மோதின. டச்சுக்காரன் இன்னும் நாட்டைவிட்டுப் போகவில்லை. அதற்குள் அவனை எதிர்த்த இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

பகலில் ராணுவம், இரவில் இமாம்

காகிதத்தில் அந்த அரசு முழுமையாகவே இருந்தது. அதற்குக் கனுன் அசாசி என்ற அரசியல் சாசனம் இருந்தது. வடிவம் குடியரசு, உச்ச சட்டம் குர்ஆனும் நபிமொழியும், தலைவர், ஆலோசனை சபை தேர்ந்தெடுக்கும் இமாம். நிலப்பரப்பை மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள்: முழுக்கத் தங்கள் பிடியில் உள்ளது, பாதி உள்ளது, எதிரியிடம் உள்ளது.

நடைமுறையில் இந்தப் பிரிவினையைச் சுமந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்தார். பகலில் ராணுவம் வந்து, நேற்றிரவு யாருக்குச் சோறு போட்டாய் என்று கேட்கும். இரவில் காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள், பகலில் யாரிடம் பேசினாய் என்று கேட்பார்கள். நெல்லும் பணமும் வரியாகப் போயின. தர மறுத்த ஊர்களில் வீடுகள் எரிந்தன, ஆட்கள் வெட்டப்பட்டார்கள். ஐம்பதுகள் முழுவதும் காருத், தாசிக்மலாயா, சியாமிஸ் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு பாண்டுங்கை நோக்கி ஓடியவர்கள் ஏராளம். மக்கள் அந்தப் படையை இமாமின் ராணுவம் என்று அழைக்கவில்லை. ‘கெரொம்போலான்’, அதாவது கும்பல் என்றார்கள். மேற்கு ஜாவாவின் கிழவர்கள் பலர் வாயில் இன்றும் அந்தக் காலத்துக்கு அதுதான் பெயர்.

பேச்சுவார்த்தைக்கு முயற்சி நடக்காமல் இல்லை. 1950-ல் பிரதமரான மஸ்யுமி தலைவர் முகமது நத்ஸீர், தானே இஸ்லாமிய அரசியலில் ஊறியவர். கார்த்தோசுவிர்யோவைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். கடிதம் எழுதினார், தூது அனுப்பினார். ஒரு நாட்டின் தலைவரிடம் இன்னொரு நாட்டின் தலைவர் பேசுவதுபோல முறைப்படி பேசினால்தான் பேச்சு என்றது மலை. அத்தோடு முடிந்தது.

மற்ற நான்கு கோபங்கள்

மத்திய ஜாவாவின் பிரெபெஸ், தெகால் பகுதியில் அமீர் ஃபத்தாவின் கலகம் சீக்கிரமே தளர்ந்தது. 1950 முடிவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு அரசு ராணுவத்தின் 426-வது பட்டாலியனே கலகம் செய்து காட்டுக்குள் போனது. அதைத் துரத்தத்தான் ராணுவ அதிகாரி அகமது யானி ‘பன்தெங் ரெய்டர்ஸ்’ என்ற சிறப்புப் படையை உருவாக்கினார். தென் கலிமந்தானில் இபுனு ஹஜார், எழுதப் படிக்கத் தெரியாத முன்னாள் கெரில்லா அதிகாரி. சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட தன் ஆட்கள் வெளியே நிற்க, படிப்பும் டச்சு ராணுவப் பயிற்சியும் உள்ளவர்கள் புதிய ராணுவத்தில் இடம்பிடித்ததைப் பார்த்துப் பொங்கியவர். 1950-ல் கலகம் தொடங்கி, 1954-ல்தான் இமாமின் கொடியை ஏற்றார். நான்கு ஆண்டுகள் கொடியில்லாமலே நடந்தது அந்தச் சண்டை.

காஹர் முஸக்கரின் கதை இதைவிடக் கூர்மையானது. தென் சுலாவெசியின் லூவு ஊர்க்காரர். ஊர் மரபுச் சபை அவரை இளவயதிலேயே ஊர்விலக்கம் செய்திருந்தது. ஜாவாவுக்குப் போய்க் குடியரசுக்காகப் போராடி லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1950-ல் ஊர் திரும்பியபோது, அங்கிருந்த கெரில்லாக்களையெல்லாம் ஹசனுத்தீன் பிரிகேட் என்ற பெயரில் மொத்தமாக ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். தளபதி காவிலராங், ஒவ்வொருவரையும் தேர்வு செய்துதான் எடுப்போம் என்று மறுத்தார். ஜூலை 1-ம் தேதி காஹர் தன் தோளிலிருந்த பதவிச் சின்னத்தைக் கழற்றி அவர் முன் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார். கார்த்தோசுவிர்யோ அவருக்குத் தளபதிப் பதவி கொடுத்தது 1952-ல். சுலாவெசியை இஸ்லாமிய அரசின் பகுதி என்று காஹர் அறிவித்தது 1953 ஆகஸ்ட் 7-ல்.

அப்படித் தாமதமாக வந்த மதக் கொடியை அவர் வெறும் வசதிக்காகப் பிடித்திருந்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. 1955-ல் வெளியிட்ட மகாலுவா சாசனம், ஆண்டி, தாயெங் முதலிய உயர்குடிப் பட்டங்களைத் தடை செய்தது. நிலம் பங்கிடப்பட வேண்டும், ஆடம்பரம் கூடாது. இளைஞனாக இருந்தபோது தன்னை விரட்டிய நிலவுடைமைச் சமூகத்தின் மீது அவர் வைத்த கணக்கு அதில் தெரிகிறது. அதே வேகத்தில் அவர் ஆட்கள், புகிஸ் மக்களின் தொன்மைச் சடங்குகளை நடத்திவந்த பிஸ்ஸு என்ற பூசாரிகளையும் வேட்டையாடினார்கள். கொன்றார்கள், தலைமுடியை மழித்தார்கள், சடங்குப் பொருள்களைக் கொளுத்தினார்கள். சமத்துவம் பேசிய சாசனத்தில் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத அந்தப் பூசாரிகளுக்கு இடமில்லை. காஹரோடு காட்டில் வாழ்ந்த மனைவியரில் ஒருவர் கோரி வான் ஸ்டெனுஸ், டச்சு-இந்தோனேசியக் கலப்புக் குடும்பத்துப் பெண். அந்தக் காட்டு அரசில் முரண்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆச்சேயின் கோபம் வேறு ரகம். சுதந்திரப் போரில் டச்சுக்காரர்கள் திரும்பக் கைப்பற்ற முடியாத பெரும்பகுதி அது. 1948 ஜூனில் சுகர்ணோ அங்கே போனபோது, ஊர்மக்கள் தங்கமும் பணமும் சேர்த்துக் குடியரசுக்கு ‘செலாவா’ என்ற டகோட்டா விமானத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த விமானம்தான் பிறகு பர்மாவில் வாடகைக்குப் பறந்து குடியரசுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. அப்போது ஆச்சேக்கு ஷரியத் தருவேன் என்று சுகர்ணோ கண்ணீரோடு வாக்களித்ததாக ஆச்சே மக்கள் இன்றுவரை சொல்வார்கள். 1950-ல் ஆச்சே மாகாணத்தைக் கலைத்து, மேதானைத் தலைநகராகக் கொண்ட வடக்கு சுமத்ராவோடு இணைத்தது மத்திய அரசு. தனி மாகாணமாகப் போராடிய ஊர், பட்டாக் கிறிஸ்தவர்களும் தோட்ட முதலாளிகளும் நிறைந்த ஒரு மாகாணத்தின் மூலையாகச் சுருங்கியது. முன்னாள் ராணுவ ஆளுநரும் உலமாக்கள் சங்கத் தலைவருமான தாவூத் பெருயே 1953 செப்டம்பரில் கலகத்தில் இறங்கி, இமாமோடு சேர்ந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அமுந்தாய் என்ற ஊரில் சுகர்ணோ பேசிய பேச்சு எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. இஸ்லாமிய அரசு அமைத்தால் பல பகுதிகள் பிரிந்துபோய்விடும் என்பது அந்தப் பேச்சின் சாரம். 1955 பிப்ரவரியில் ஆச்சேயின் சோட் ஜெம்பா, புலோட் கிராமங்களில் ராணுவம் நடத்திய படுகொலையை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியபோது, நாடாளுமன்றமே அதிர்ந்தது.

வாக்குப்பெட்டி, ஃபத்வா, மனித வேலி

இத்தனை நடக்கையில் இஸ்லாமிய அரசு பற்றிய விவாதம் சட்டப்படியும் நடந்துகொண்டுதான் இருந்தது. 1955 தேர்தலில் முஸ்லிம் கட்சிகள் மொத்தமாக 43 சதவீதம் அளவுக்கு வாக்குகள் பெற்றன. பெரும்பான்மைக்குப் போதாது, ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அரசியல் நிர்ணய சபையில் இரண்டரை ஆண்டுகள் வாதாடியும் முடிவு வரவில்லை. 1959 ஜூலை 5-ல் சுகர்ணோ ஆணை பிறப்பித்து சபையைக் கலைத்தார். 1945 சாசனம் மீண்டது. ஆனால் கார்த்தோசுவிர்யோவுக்கு விழுந்த பெரிய அடி அதற்கு முன்பே, பாரம்பரிய உலமாக்களிடமிருந்து வந்தது. 1954-ல் சிப்பானாஸில் கூடிய உலமாக்கள், சுகர்ணோவின் அரசை முஸ்லிம்கள் கீழ்ப்படிய வேண்டிய, நடைமுறை அதிகாரம் உள்ள அரசு என்று மார்க்கச் சட்டப்படி ஏற்றார்கள். பாரம்பரிய உலமாக்களின் அமைப்பான நஹ்தத்துல் உலமா அதைத் தாங்கிப் பிடித்தது. ஒரு நாட்டில் இரண்டு இமாம்கள் இருக்க முடியாது என்ற பொருள் அதில் அடங்கியிருந்தது. துப்பாக்கியால் முடியாத வேலையை அந்தத் தீர்மானம் ஜாவாவின் பள்ளிவாசல்களில் செய்தது.

ஆச்சேயைத் துப்பாக்கி முடிக்கவில்லை. 1957-ல் போர்நிறுத்தம் வந்தது. 1959-ல் மதம், கல்வி, மரபு மூன்றிலும் உரிமையுள்ள சிறப்புப் பகுதி என்ற தகுதி கிடைத்தது. கடைசியாக 1962 மே மாதம் தாவூத் பெருயே மலையை விட்டிறங்கினார். தண்டனை ஏதுமில்லை.

மேற்கு ஜாவாவில் ராணுவம் வேறு வழி பிடித்தது. ‘பகார் பெத்திஸ்’ என்ற மனித வேலி. கிராமத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, மலையைச் சுற்றி இடைவெளிவிட்டு நிறுத்தி, இரவெல்லாம் தீமூட்டிக் காவல் காக்க வைத்து, வளையத்தை நாள்தோறும் சுருக்குவார்கள். நிராயுதபாணிகளான குடிமக்களைத் துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்திய உத்தி என்ற குற்றச்சாட்டு அதற்கு உண்டு. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதும்கூட. ஆனால் அது வேலை செய்தது. மலையில் உணவு தீர்ந்தது. 1962 மே 14-ல், அரண்மனையில் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையில் இருந்த சுகர்ணோவை நோக்கித் தாருல் இஸ்லாம் ஆட்கள் சுட்டார்கள். அவர் தப்பினார். மூன்று வாரம் கழித்து, ஜூன் 4-ல், கெபர் மலையில் ஒரு குடிசையில் கார்த்தோசுவிர்யோ நோயுற்று மெலிந்த நிலையில் பிடிபட்டார். ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் மூன்றே நாளில் மரண தண்டனை விதித்தது. ஒரே ஆசானிடம் பயின்றவரின் கோப்பில் கையெழுத்திட சுகர்ணோ பலமுறை தயங்கியதாகச் சொல்வார்கள். செப்டம்பரில் சுட்டுக் கொன்றார்கள். எந்தத் தீவில் புதைத்தார்கள் என்பது ஐம்பதாண்டுகள் குடும்பத்துக்கே உறுதியாகத் தெரியாது. 2012-ல் அரசியல்வாதி ஃபத்லி ஸோன் வெளியிட்ட புகைப்படப் புத்தகத்தால்தான், அது ஜகார்த்தா விரிகுடாவிலுள்ள உபி தீவு என்று வெளியே வந்தது.

இபுனு ஹஜார் 1963-ல் சரணடைந்தார். பின்னர் அவருக்கும் மரண தண்டனை. காஹரை 1965 பிப்ரவரி 3-ல் தென்கிழக்கு சுலாவெசியின் லசோலோ ஆற்றங்கரையில் சிலிவாங்கி வீரர்கள் சுட்டார்கள். அந்தப் படை நடவடிக்கையின் தளபதி எம். யூசுஃபும் காஹரைப் போலவே தென் சுலாவெசிக்காரர். உடல் எங்கே என்று அரசு சொல்லாததால், காஹர் சாகவில்லை என்ற கதை இன்றும் மக்காசரில் உலவுகிறது. அவர் மகன்களில் ஒருவர் பிற்காலத்தில் பிராந்தியப் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினராகி, ஆளுநர் தேர்தலிலும் நின்றார்.

உளவுத்துறை எழுப்பிய ஆவி

இத்தோடு கட்டுரை முடிந்திருக்கலாம். 1962-ல் தாருல் இஸ்லாமின் 32 தலைவர்கள் குடியரசுக்கு விசுவாசம் அறிவித்துக் கையெழுத்திட்டு, பொதுமன்னிப்பு பெற்று ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தது, சுகர்ணோவுக்குப் பின் அதிபரான சுகார்த்தோவின் ராணுவம். 1965-66-ல் கம்யூனிஸ்ட்களை வேட்டையாடுவதில் அவர்களில் சிலர் பயன்பட்டார்கள். எழுபதுகளில் சுகார்த்தோவின் நம்பிக்கைக்குரிய ஜெனரல் அலி முர்த்தோபோவின் உளவு வலையம் பழைய போராளிகளைத் தேடிப்பிடித்து, கம்யூனிசம் திரும்பி வருகிறது, உங்கள் ஆட்களைத் திரட்டுங்கள் என்று ஊக்குவித்தது. 1971-ல் பாண்டுங்கில் உளவுத்துறையின் ஆதரவோடு ஓர் ஒன்றுகூடலே நடந்தது. சிதறிக் கிடந்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் மீண்டும் கண்டார்கள். 1977 தேர்தல் நெருங்கியபோது அதே ஆட்களை ‘கொமாண்டோ ஜிஹாத்’ என்ற பெயரில் அரசு கைது செய்தது. முஸ்லிம் எதிர்க்கட்சியின் முகத்தில் பூச அந்தக் கரி வசதியாக இருந்தது. உளவுத்துறை இரண்டு கையாலும் ஆடிய அந்த ஆட்டத்தின் விலை பின்னால்தான் தெரிந்தது.

அந்தச் சுற்றில் மாட்டியவர்களில் இருவர், சோலோ நகருக்கு அருகே ங்ருக்கியில் உறைவிடப் பள்ளி நடத்திய அப்துல்லா சுங்கரும் அபூபக்கர் பஷீரும். கார்த்தோசுவிர்யோவை அவர்கள் பார்த்ததில்லை. 1985-ல் மலேசியாவுக்குத் தப்பினார்கள். அங்கிருந்து இளைஞர்களை ஆப்கன் எல்லைப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தாருல் இஸ்லாமின் அப்போதைய தலைவர்களில் ஒருவரான மஸ்துக்கியோடு சுங்கருக்குப் பிணக்கு வந்தது. காரணங்களில் ஒன்று, அவருடைய சூஃபி நாட்டம். மகானாகக் கருதப்பட்ட இமாமின் இயக்கத்திலிருந்து, சூஃபி நாட்டத்தையே குற்றமாகப் பார்த்தவர்கள் பிரிந்து போனார்கள். 1993 ஜனவரி 1-ல் பிறந்தது ஜமா இஸ்லாமியா. 2002 அக்டோபர் 12-ல் பாலியில் அதன் ஆட்கள் வைத்த குண்டுகளில் 202 பேர் இறந்தார்கள். ஆச்சேயிலும் இப்படித்தான்: தாவூத் பெருயேயின் கலகத்துக்காக அமெரிக்காவில் குரல் கொடுத்த ஹசன் டி தீரோ, 1976-ல் சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். 2005-ல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் ஆகும்வரை அந்தப் போர் ஓடியது.

2019 ஆகஸ்டில் கார்த்தோசுவிர்யோவின் மகன் சர்ஜோனோ, ஜகார்த்தாவில் ஓர் அமைச்சர் முன்னிலையில் பஞ்சசீலாவுக்கும் குடியரசுக்கும் விசுவாச உறுதிமொழி எடுத்தார். அப்பா அறிவித்த அரசுக்கு அப்போது வயது 70. மூன்றாண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், அதே அரசின் பெயரில் இயங்கியதாக மேற்கு சுமத்ராவில் 16 பேரைப் பயங்கரவாதத் தடுப்புப் போலீஸ் கைது செய்தது. 2024 ஜூன் 30-ல் ஜமா இஸ்லாமியாவின் மூத்த தலைவர்கள் போகோரில் கூடி, அமைப்பைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள். தங்களோடு தொடர்புள்ள உறைவிடப் பள்ளிகளின் பாடத்திட்டத்தைத் திருத்தவும் ஒப்புக்கொண்டார்கள். பாடத்திட்டத்தை யார் சரிபார்ப்பது, மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு இந்த முறை யார் என்ன வேலை கொடுப்பது என்பதெல்லாம் இனி ஜகார்த்தாவின் மேசையில்.